பெரிய குவளைக்கு ஒரு கோப்பி

எனக்குக் கோப்பி என்றால் உயிர். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது. பசியாற ஒன்றும் இல்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்வேன். கோப்பி உள்ளே போகும்வரை யாரும் என்னோடு பேச வரக்கூடாது. கல்யாணமான முதல் வாரத்திலேயே என் வீட்டுக்காரர் இதைப் புரிந்துகொண்டார். தினமும் விடிந்ததும் மலாக்காவின் காஜா பேராங் சாலை முனையில் இருந்த சீனர் கடைக்குப் போய், தூக்குச் சட்டியில் கோப்பி வாங்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நிற்பார். தட்டில் ஊற்றி, ஊதி, உறிஞ்சி, அந்தக் கசப்பு தொண்டையைத் தாண்டியதும் கண் திறக்கும் பாருங்கள், ஆகா! அதற்குப் பிறகு எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்வேன்.

ஜப்பான்காரன் வந்தான். அரிசி போனது, சீனி போனது, கோப்பியும் போனது. சோளத்தைக் கருக வறுத்து இடித்து, அதைக் கொதிக்கவைத்து, கோப்பி என்று பெயர் வைத்துக் குடித்தோம். நிறம் கறுப்புதான். ஆனால் குடித்தால் வயிறு நிறையுமே தவிரக் கண் திறக்காது. முதல் மாதம் முழுவதும் தலைவலியில் சுருண்டு கிடந்தேன். குண்டு விழுந்தபோதுகூட நான் அவ்வளவு அழவில்லை.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் மாலை என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார்.

"கண்ண மூடு."

"என்னங்க விளையாட்டு?"

"மூடுன்னா மூடு லா. இப்ப மோந்து பாரு."

மோந்தேன். பச்சைக் கோப்பிக் கொட்டை! புக்கிட் காதில் என்ற ஊரில் ஒரு மலாய்க்காரர் வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோப்பிச் செடிகள் இருந்தனவாம். தன்னிடமிருந்த இரண்டு கால்சட்டைகளில் ஒன்றைக் கொடுத்து வாங்கி வந்திருந்தார். இருபது வயதுக்காரி, குழந்தை மாதிரி நடுவீட்டில் குதித்தேன்.

ஆனால் வறுப்பது எப்படி? கோப்பி வறுக்கிற வாசனையைப் பானைக்குள் மூடி வைக்க முடியுமா? தெருவே மூக்கைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும். யாராவது போய்ச் சொல்லிவிட்டால் சிப்பாய்கள் வந்து வீட்டைக் கிளறுவார்கள். மூன்று நாள் அந்த முடிச்சைத் தலையணைக்குள் வைத்துப் படுத்தேன்.

கடைசியில் அடுத்த வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர்கள் செட்டிக் குடும்பம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மலாக்காவுக்கு வந்த நம்மவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய், நடுவில் நம் சொற்கள் நாலைந்து தலைகாட்டும். நான் தமிழிலும் அரைகுறை மலாயிலும் பேசுவேன். இருவருக்கும் புரியாமல் போனதே இல்லை. அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

"நாளை மறுநாள் போகி. எங்க வீட்டுல பார்ச்சு. காலையிலிருந்தே சாம்பிராணி போடுவோம். நீ அப்ப வறு. ஒரு நாய்க்குக்கூடத் தெரியாது," என்றார்.

பார்ச்சு என்பது இறந்துபோனவர்களுக்குப் படைக்கிற நாள். அவரவருக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைத்து, கும்பிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். இறந்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, பிறகு வீட்டார் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள்.

"ஆனா அவருக்கு ஒரு கோப்பி வேணும்," என்றார் அக்கா.

அவர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். முந்தைய வருடம் காய்ச்சலில் போய்விட்டார். கோப்பியில் எனக்கு அண்ணன்! முதல் வாய் குடித்ததும் அவர் சப்புக்கொட்டுகிற சத்தம் வேலி தாண்டி எங்கள் அடுப்படிவரை கேட்கும். சாகக் கிடந்தபோது கோப்பி கேட்டார். அக்காவிடம் சோளம்தான் இருந்தது. ஒரு வாய் குடித்தார். சப்புக்கொட்டவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றாராம். அந்தப் பொய்யைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"தர்றேன் அக்கா, கண்டிப்பா தர்றேன்," என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

போகியன்று சாம்பிராணிப் புகை வேலி தாண்டி வந்தது. நான் அடுப்பை மூட்டினேன். கொட்டை வெடிக்க வெடிக்க, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டும் பனைவெல்லம் ஒரு துண்டும் போட்டுக் கிளறினேன். அந்த வாசனை! உரலில் போட்டு இடித்தேன். துணிப்பையில் போட்டு வெந்நீரை ஊற்றினால், மை போல, எண்ணெய் மினுங்க இறங்கியது. இரண்டு கோப்பை வந்தது. அதற்கு மேல் தண்ணீர் விட்டால் அது கோப்பியே இல்லை.

அந்த நேரம் பார்த்து அக்கா குவளையைக் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் வழக்கமாகக் குடித்த குவளையில்தான் படைக்க வேண்டுமாம். நீலப் பூப்போட்ட பீங்கான் குவளை. குவளையா அது, குளிக்கிற சொம்பு! என் இரண்டு கோப்பையையும் விழுங்கிவிட்டு இன்னும் கொடு என்று கேட்கும். படைத்ததைப் பிறகு வீட்டார் சாப்பிடுவார்கள் என்பது தெரியும். ஆனால் அந்த வீட்டில் எட்டுப் பேர், எனக்கு எங்கே மிஞ்சும்?

அக்கா திரும்பிப் போனதும் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். போனவர் எங்கே குடிக்கப் போகிறார்? அவருக்கு எந்தக் கறுப்புத் தண்ணீராக இருந்தால் என்ன? காலையில் காய்ச்சிய சோளத் தண்ணீர் ஒரு சட்டி நிறைய இருந்தது. அதைச் சுடவைத்துக் குவளையில் ஊற்றினேன். மேலே வாசனைக்கு நல்ல கோப்பி ஒரு கரண்டி விட்டேன். என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள். நல்ல கோப்பியை அடுப்புக் கணப்பில் மூடிவைத்துவிட்டு, வேலியைத் தாண்டிப் போய்க் குவளையை நானே இலை ஓரத்தில் வைத்தேன். இலையில் சோறு ஒரு பிடிதான், மீதியெல்லாம் மரவள்ளிக்கிழங்கு.

கும்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் வெளியே நின்றோம். எனக்கு எப்போது வீட்டுக்கு ஓடுவோம் என்றிருந்தது.

அக்கா மட்டும் கதவில் காதை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"வா, நீயும் கேளு. இப்ப எடுத்திருப்பாரு. சப்புக்கொட்டுவாரு பாரு."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் காதை வைத்தேன். எங்கள் இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில். நேரம் போனது. அக்காவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"ஒண்ணும் கேக்கலையே," என்றார். "அன்னைக்குக் குடுத்த சோளத்துக்கு இன்னும் கோபமோ?"

என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, அவரு மேல தப்பு இல்ல. உள்ள இருக்கறது சோளத் தண்ணி. நல்ல கோப்பி எங்க வீட்டுல இருக்கு. நாந்தான் பேராசைல மாத்தி வச்சிட்டேன்."

அறைவார் என்று நினைத்தேன். அவர் என் தோளைப் பிடித்துத் திருப்பி வேலிப் பக்கம் தள்ளினார்.

"ஓடு! சாப்பிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள கொண்டு வா!"

ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் சுடச்சுடப் பாத்திரத்தோடு, வேலியில் முழங்கையைக் கிழித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து சேர்ந்தேன். அக்கா கதவை மூன்று முறை தட்டினார். "கொஞ்சம் இருங்க, தப்பா வந்துருச்சு," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, குவளையை எடுத்துச் சோளத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினார். நான் ஊற்றினேன். முக்கால் குவளை வந்தது. மறுபடியும் கதவைச் சாத்திவிட்டு இருவரும் காதை வைத்தோம்.

எனக்கு என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அக்காவின் காதில் என்ன விழுந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

கதவைத் திறந்ததும் குவளையை முதலில் அக்காதான் எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். பிறகு வீடே கேட்கும்படி சப்புக்கொட்டினார். அப்படியே அவர் வீட்டுக்காரரின் சத்தம்! பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்த வாய் எனக்குத்தான் கொடுத்தார். மற்ற ஏழு பேருக்கும் முன்னால், எனக்கு. ஆறிப்போயிருந்தது. ஆனாலும் என் கண் திறந்தது. நானும் அவரைப் போலவே சப்புக்கொட்டினேன்.