அந்தரத்தில் திறக்கும் கதவு

தேரடி வீதியிலுள்ள எங்கள் பழைய ஜவுளிக்கடையை இப்போது செல்போன் கடைக்கு விட்டிருக்கிறோம். போர்டு மாட்ட வந்தவர்கள் இரும்பை அறுத்தார்கள். அந்தச் சத்தத்தில் என் சிறுவயதுத் தேர்த் திருவிழா திரும்பி வந்தது.

கடைக்கு மேல்தான் எங்கள் வீடு. அப்பா ஆசையாக இரும்பு பால்கனி வைத்திருந்தார். அதை வைக்கத் தெருவை அளந்தவர்கள், அலங்காரத்தோடு வரும் தேரை அளக்க மறந்திருந்தார்கள். அந்த வருஷத் திருவிழாவில் பால்கனி இடித்துத் தேர் நின்றுவிட்டது. வடம் பிடித்தவர்கள் எல்லோரும் அப்பாவையே பார்த்தார்கள்.

"அறுத்துப் போடுங்க," என்றார் அப்பா.

பால்கனி போய் அந்தரத்தில் மிஞ்சிய மாடிக் கதவை அடைக்க அவர் செங்கல் இறக்கியபோது அம்மா மறித்தாள்.

"நாம போயி பாக்குற சாமி, அன்னிக்கு நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு. அடைக்காதீங்க."

"இந்தக் கதவ அடைச்சுட்டு போர்டு மாட்டட்டுமா சார்?" என்கிறார் இப்போது செல்போன் கடைக்காரர், மேலே கைகாட்டி.

"வேணாங்க, கீழ மாட்டிக்குங்க. மேல சாமி வர்ற வழி."