முதுகைக் காட்டியே ரேஸ் பார்த்த சேவியர்

சேவியர் போய்விட்டான். வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது... ஹார்ட்.

ஞாயிற்றுக்கிழமை மகளுடைய ரேஸ். இன்னும் இரண்டு நாள் பொறுத்திருக்க முடியாதா இவனால்? எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வருகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக... நானும் அவனும் துறைமுகத்தடியில் ஒரு கிளியரிங் ஒபிஸில் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவன் கொட்டாஞ்சேனை, நான் வெள்ளவத்தை. ஐரோப்பாவில் கார் ரேஸ் ஓடுகிற ஷெரோன் அவனுடைய ஒரே மகள்.

எட்டு வயதில் இரத்மலானைப் பக்கம் ஒரு கார்ட்டிங் ட்ராக்கில் ஆரம்பித்தாள். அந்தச் சின்னக் கார்ட் வண்டியை ஏற்றி இறக்க என்னுடைய வேன். என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கதைக்காமல் விட்டதற்கு முழுக் காரணமும் சேவியர்தான்.

முதல் ரேஸில் பிள்ளை முன்னுக்குப் போனாள். இவன் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்து கத்தென்று கத்தினான். இரண்டாவது வளைவில் கார்ட் சுற்றிப்போய் டயர்க் குவியலில் நின்றது. அடுத்த ரேஸ் நேரம் இவன் சாப்பிட ரோல்ஸ் வாங்கப் போயிருந்தான்... அவள் முதலாவதாக வந்தாள்.

அவ்வளவுதான். அன்றோடு போனது என் நிம்மதி.

"நான் பாத்தா அவ சுத்துவா மச்சான்." இதுதான் அவன் கண்டுபிடிப்பு. சரி, பார்க்காவிட்டால் வீட்டில் இருக்கலாம்தானே? இருக்கமாட்டான்! ட்ராக்குக்கு வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, வாகனங்கள் நிறுத்தியிருக்கிற பக்கத்தைப் பார்த்தபடி நிற்பான்.

"எத்தினையாவது மச்சான்?"

"மூண்டாவது. திரும்பிப் பாரடா."

"உனக்கென்ன விசரா? இப்ப எத்தினையாவது?"

பதினான்கு வருடம்... பதினான்கு வருடம் நான் இவனுக்கு வர்ணனை செய்தேன்.

அவளுக்குப் பதினாறு வயதில் மலேசியாவில் ஒரு பெரிய ரேஸ். இரண்டு பேரும் லீவு போட்டுப் போனோம். அங்கேயும் சீட்டில் திரும்பி உட்கார்ந்துவிட்டான், சனியன். பின்வரிசையில் இருந்த குடும்பத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு!

அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு இடம் மாறி இருந்தார். பிறகு செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். நான் எழும்பிப் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஷெரோன் இரண்டாம் இடத்துக்கு வந்தாளாம். அதை நானும் பார்க்கவில்லை.

அவள் ஐரோப்பாவுக்குப் போன பிறகு எல்லாம் போனில். ரேஸ் தொடங்கினால் கொச்சிக்கடைக் கோயிலடியில் போய் நின்று எனக்குக் கோல் எடுப்பான். நான் வெள்ளவத்தையில் டிவிக்கு முன்னால் இருந்து சொல்லவேண்டும். சாப்பாடு ஆறிப்போகும், அவனுக்கு அதைப் பற்றி என்ன கவலை.

போன மாதம் ஷெரோனுக்கு மேல்மட்டத்தில் ஒரு டீமில் இடம் கிடைத்தது. அதற்கு மேலே ரேஸ் கிடையாது. வீடியோ கோலில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, முதல் ரேஸ நீங்க பாக்கணும். உங்கட கண்ணால பாக்கணும். நான் சுத்தினாலும் பரவாயில்ல."

சத்தியம் பண்ணினான். அடுத்த நாளே பெரிய டிவி ஒன்று வாங்கி ஹோல் சுவரில் பூட்டினான். ரேஸ் அன்றுதான் உரிப்பேன் என்று அதன் பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை.

பிறகு... வெள்ளிக்கிழமை.

ஷெரோன் எனக்குத்தான் போன் எடுத்தாள். "அங்கிள், நான் வரவா, ஓடவா?"

நான் வாய் திறக்க முதலே சேவியரின் மனைவி ரீட்டா போனைப் பறித்தாள். "ஓடிட்டு வா. செவ்வாக்கிழமதான் எடுப்பம். உங்கப்பா வாக்குக் குடுத்தவர், பாக்கத்தான் வேணும்."

நேற்றுப் பின்னேரம் ரீட்டாவே டிவியின் பிளாஸ்டிக்கை உரித்தாள். சேவியர் கிடந்த பெட்டியை டிவிக்கு நேராகத் திருப்பச் சொன்னாள். செத்த வீட்டில் டிவியா என்று ஒருவரும் கேட்கவில்லை. செபமாலை சொல்ல வந்த பெண்கள் முடித்துவிட்டு எழும்பாமல் அப்படியே இருந்தார்கள்.

ஷெரோன் பதினாறாவதாகத் தொடங்கினாள். பன்னிரண்டு... பத்து... ஒன்பது. பிறகு ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கி, கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது.

ஹோலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

நல்லகாலம், கார் எதிலும் அடிபடவில்லை. ஆனால் பதினான்காம் இடத்துக்குப் போய்விட்டாள்.

"அண்ணே..." என்றாள் ரீட்டா. கண்ணால் பெட்டியைக் காட்டினாள்.

ராசி, கண்ணூறு ஒன்றையும் நம்பாதவன் நான். இதற்காகவே அவனோடு இத்தனை வருடம் சண்டை பிடித்தவன். எழும்பிப் போய்ப் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு நின்றேன். அவனுக்கு முதுகைக் காட்ட மனம் வரவில்லை. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.

ரேஸ் முடியும்வரை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், "எத்தினையாவது? இப்ப எத்தினையாவது?"

செபமாலைப் பெண்கள்தான் சொன்னார்கள். "பன்ரெண்டு அண்ணே..." "பதினொண்டு..."

"பத்து! முடிஞ்சுது அண்ணே, பத்து!"

பத்தாவதாக வந்தால் ஒரு பொயிண்ட் உண்டு. முதல் ரேஸிலேயே பொயிண்ட். இதைக் கேட்டிருந்தால் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பான், விசரன்.

கொஞ்ச நேரத்தில் ஷெரோன் போன் எடுத்தாள். "அப்பா பாத்தாரா அங்கிள்?"

"நீ சுத்தும்வரைக்கும் பாத்தவன்" என்றேன்.

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள்... நானும்தான்.

நாளை பின்னேரம் நாலு மணிக்கு அவனை வீட்டிலிருந்து எடுக்கிறோம். பிள்ளை காலையில் வந்து இறங்குகிறாள்.

பத்தாவது மச்சான். ரேஸ் முடிஞ்சுது, இனித் திரும்படா.