எழுதாமல் விட்ட வார்த்தை

கைவிடப்பட்ட நாய்களை, தத்தெடுக்க ஆள் வரும்வரை கட்டுகஸ்தோட்டையிலுள்ள என் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். வீட்டில் நான் மட்டும்தான். ஒன்பது நாய்களை ஒழுங்காக அனுப்பியவள், பத்தாவது நாய் ரோசியை அனுப்பும்போது ஒரு கள்ளத்தனம் செய்தேன்.

அவளைத் தத்தெடுத்தவர் கலகெதரயிலிருந்து வந்த சிங்கள டீச்சர். ரோசிக்குத் தமிழ்தான் விளங்கும். அதனால் 'வா', 'இரு', 'வேணாம்' என்று அவளுக்குப் பழகிய சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் என் தட்டையும் அவள் கிண்ணத்தையும் தரையில் வைத்து, "வாடி, நாம சாப்பிடுவோம்" என்பேன். அதைக் கேட்காமல் அவள் வாய் வைக்கமாட்டாள். பட்டினி கிடந்தால் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் டீச்சர் போனில் கோல் எடுத்தார்.

"மிஸ், ரோசி சாப்பிடுற இல்ல. நானும் சாப்பிட இல்ல. கொண்டு வந்து தரவா?" குரல் உடைந்திருந்தது.

இதற்குத்தான் காத்திருந்தேன். ஆனால் அவரும் சாப்பிடவில்லை என்றதும் எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தைய எழுதாம விட்டுட்டேன், டீச்சர். இப்ப சொல்றேன், அப்படியே அவகிட்ட சொல்லுங்க." வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் தட்டுத் தடுமாறிச் சொன்னார். பிறகு கிண்ணம் தரையில் உரசுவது கேட்டது.

அந்த மூன்று நாட்களும் நான் நின்றபடியே கடையில் வாங்கிய பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்று சோறாக்கி, தட்டோடு தரையில் உட்கார்ந்தேன். சோறு ஆறும்வரை கை வைக்கவில்லை.

அந்த வார்த்தையை ரோசிக்காகச் சொல்வதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.