கருப்பு டேப் சுற்றிய கொய்யாக் கிளை

வயர்மேன் வீட்டுக் கொய்யா மரத்தில் கருப்பு டேப் சுற்றிய பொட்டலம் ஒன்று இருக்கிறது. செத்துப்போன மகளின் நகையை மருமகன் கண்ணில் படாமல் அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறார் என்று தெருவே பேசுகிறது. வாரம் ஒருமுறை மரத்துக்கு ஊசி வேறு போடுகிறாராம். இப்படிப் பரப்பியதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அடுத்த வீட்டுக்காரன், சுவருக்கு மேல் தலை நீட்டியே பழகியவன். அதனால் உண்மையையும் நானே சொல்லிவிடுகிறேன்.

மகள் ஊரின் மறுகோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் வந்தவள் பழத்தைப் பிட்டு, உள்ளே இருந்த சிவப்பைக் காட்டினாள்.

"அப்பா, வீடு முடியறதுக்குள்ள எனக்கு இந்த மரத்துலேர்ந்தே ஒரு கன்னு வேணும். கடையில வாங்கினதக் குடுத்து ஏமாத்தாதீங்க."

விதை போட்டால் இதே சிவப்பு வருமென்று உறுதியில்லை. அதனால் பதியம் போட்டார். பென்சில் கனத்துக் கிளையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை உரித்து, ஈரத் தேங்காய் நார்த்தூள் வைத்து, பாலித்தீன் தாளால் மூடி, இரு முனையிலும் டேப்பை இறுக்கினார். வேர் விட்டதும் வெட்டி நட வேண்டியதுதான்.

"ஷாக் அடிக்குமாப்பா?"

"முப்பது வருஷத்துல நான் போட்ட ஒரு ஜாயின்ட் விட்டிருக்கா? போ கழுத, போய் வீட்டக் கட்டு."

வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது மகள் படுத்துவிட்டாள். சிகிச்சைக்கு நடுவே அப்பா வீட்டில்தான் இருந்தாள். அவரே ஊசி போடக் கற்றுக்கொண்டார். கரண்ட் கம்பம் ஏறிய கை அவள் தோளில் பார்த்துப் பார்த்து ஊசியை இறக்கும். அது முடிந்ததும், வேறொரு சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி, நார்த்தூள் காயாமல் பொட்டலத்துக்குள் செலுத்துவார்.

"மொதல்ல எனக்கு, அப்புறம் என் கன்னுக்கு" என்பாள், படுத்தபடியே.

தாளுக்குள் வெள்ளை வேர் தெரிந்த அன்று அவள் படுத்திருந்த அறை ஜன்னலுக்கு ஓடினார். "விட்டிருச்சும்மா!"

அவள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

பாதியில் நின்ற வீட்டை மருமகன் விற்றுவிட்டார். பாவம், அந்தச் சுவர்களுக்கு நடுவே அவரால் நிற்க முடியவில்லை.

நேற்றும் அவர் பொட்டலத்துக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்; பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அண்ணே, வேரு முட்டிக்கிட்டு நிக்குது. இன்னும் விட்டா கன்னு வீணாப்போயிடும். தெருவுல வேற நகை அது இதுன்னு…"

சிரிஞ்சை இறக்காமலே சொன்னார்.

"நகையெல்லாம் அன்னைக்கே மாப்பிள்ள கையில குடுத்தாச்சு. உள்ள இருக்கறது வெறும் வேரு. வெட்டுங்கறியே, வெட்டி எங்கய்யா கொண்டுபோய் நட?"