அம்பு எந்தப் பக்கம்

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் சென்னையில் புள்ளியியல் ஆராய்ச்சி மாணவி. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் சேலை வாங்குகிறவர்களின் திருப்தியை அளப்பது என் ஆய்வு. நிறம், கரை, எடை, ஜரிகை, விற்பவரின் பேச்சு என்று ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண்ணை எழுத வேண்டும்.

என் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே ‘திருப்தி’ என்று எழுதினார். வட்டத்திலிருந்து ஐந்து கட்டங்களுக்கு ஐந்து அம்புகள். காய்ச்சல் இருந்தால் நெற்றியும் கையும் சேர்ந்தே சுடும். அதுபோல உள்ளே திருப்தி இருந்தால் ஐந்து விடைகளும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்றார். நானும் அப்படியே நோட்டில் வரைந்துகொண்டேன்.

படிவங்களைக் கடையின் மூத்த விற்பனையாளரிடம் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் வாங்கி வருவேன். அவர் ஊரின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி, அளந்து பேசுபவர். மூன்றாம் வாரம் படிவக் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஐந்து, ஐந்து, ஐந்து. ஒரே நீல மை. எல்லாரும் ஒரே விடை சொன்னால் கணக்கே போட முடியாது. அவரே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். அன்று மத்தியானம் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்து அவர் கையையே கவனித்தேன். அவர் கணக்குச் சீட்டில் எழுதிய ஐந்தைப் படிவத்து ஐந்தோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போகிற மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது.

கடைசியில் கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. விரித்த சேலையை மடித்து முடித்த பிறகுதான் பேசினார். “பேனா என்னுதும்மா. கை என்னுது இல்ல. தாமல்ல ஒரு அம்மா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்துக்கினு போச்சு. போய்க் கேட்டுக்க.”

முன்கூட்டிச் சொல்லி அனுப்பிவிடுவாரோ என்று அதையும் சந்தேகித்து, விலாசம் வாங்கிக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே பக்கத்துக் கிராமமான தாமலுக்குப் போனேன். அந்த அம்மாள் வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். சேலையைத் திருப்பி வாங்க வந்தவள் என்று நினைத்து முதலில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. படிவத்தைக் காட்டியதும், அதெல்லாம் தானே எழுதியது என்றார். முப்பது சேலை பிரித்துப் போட்ட மனுஷன் எதிரே நிற்கும்போது எப்படிக் குறைத்துப் போடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஜரிகை மேல் தனக்குச் சந்தேகம் என்றார்.

“அப்ப உங்களுக்குத் திருப்தி இல்லையாம்மா?”

“இல்லன்னு யார் சொன்னது? கலர் புடிச்சிருக்குது, கரை புடிச்சிருக்குது. ஜரிகைதான் உறுத்திக்கினே இருக்குது. எல்லாம் சேந்ததுதானேம்மா மனசு?”

திரும்பும் பஸ்ஸில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். நிறம் பிடித்தவருக்கு ஜரிகையும் பிடித்திருக்க வேண்டும் என்று என் படம் சொன்னது. இது காய்ச்சல் இல்லை. நிறமும் கரையும் ஜரிகையும் தனித்தனியாக வந்து சேர்ந்துதான் திருப்தி உண்டாகிறது. ஐந்து அம்புகளையும் அடித்துவிட்டு, கட்டங்களிலிருந்து வட்டத்துக்கு வரைந்தேன்.

பேராசிரியரிடம் படத்தைக் காட்டினேன். கடைக்காரர்கள் என்னைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டார்களா என்றார். பிறகு நியாயமான ஒன்றைக் கேட்டார்: எல்லா அம்பும் உள்ளே போனால், வட்டத்துக்குள் ஏதோ இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வாய்? ஒரு வாரம் தூக்கம் கெட்டு, வட்டத்திலிருந்து வெளியே போகும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தேன். அடுத்த சேலைக்கு இங்கேயே வருவீர்களா? உங்கள் தங்கையை இங்கே அனுப்புவீர்களா? அதன் பிறகுதான் கணக்குப் போட முடிந்தது.

புதிய படிவங்களை வீடு வீடாகப் போய் நானே கேட்டு நிரப்பினேன். இப்போது மூன்றும் வந்தது, ஜரிகைக்கு ஒன்றும் வந்தது. ஜரிகையிலிருந்து போன அம்புதான் எல்லாவற்றிலும் கனமாக இருந்தது; திருப்தியை அதிகம் ஏற்றியதும் இறக்கியதும் அதுதான். கடை நிர்வாகி அறிக்கையைப் படித்துவிட்டு, போட்டிக் கடை எவ்வளவு கொடுத்தது என்று என்னைக் கேட்டார். பேராசிரியர் அறிக்கையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை கொடுத்த அன்று, மிச்சமிருந்த பழைய படிவங்களைக் கேட்டு விற்பனையாளரிடம் போனேன். அவர் கட்டை நூலால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார். என் முன்னால் ஒவ்வொன்றாக எண்ணி, பெற்றுக்கொண்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த வாடிக்கையாளருக்குச் சேலையை விரித்துவிட்டார்.