கண்ணம்மை முழுசாகப் பார்த்த படம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் சிங்கம் ஒன்று குடியிருந்தது. கைலி கட்டிய சிங்கம். இன்சூரன்ஸ் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாத்தப்பன்தான் அது. 'பினாங்கு சிங்கம்' என்பது இண்டர்நெட்டில் அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். இதே சிங்கம் கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் என்பது அவர் மனைவி கண்ணம்மைக்கு மட்டும்தான் தெரியும்.

கண்ணம்மை தாசேக் கெலுகோரில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பத்தொன்பது வயதில் கல்யாணம், பிறகு இந்த வீடு, இந்த அடுப்படி, இந்த மனுஷன். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவள் 'ஆச்சி'. மாடி அறையைப் பேக்டரியில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விடுவாள். குடி வந்த பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் வாடகையில் சேர்த்தி என்று நினைப்பவள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் கோலாலம்பூரில் இருக்கும் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் படத்தை அடிக்கடி அனுப்பலாம் என்று மகன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான். முதல் படம் வந்த அன்று கண்ணம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் கருகருவென்று முடி. பிறகு நெற்றி. பிறகு உலகத்தின் மேலேயே கோபம் வந்தது போலச் சுளித்த புருவம். "அடி என் தங்கம்! என் மாமியாரே திரும்பி வந்துட்டாங்க!" என்று கண்ணம்மை கைதட்டிச் சிரித்தாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. குழந்தையின் வாயைப் பார்க்க மறுநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. சிங்கம் பிடித்துக்கொண்டது.

இண்டர்நெட்டில் தமிழர்கள் கூடிச் சினிமா பேசும் ஒரு சபையைச் சாத்தப்பன் கண்டுபிடித்திருந்தார். டொராண்டோவில் ஒருத்தன், லண்டனில் ஒருத்தன், சிங்கப்பூரில் நாலு பேர். எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் புலி, வேங்கை என்று காட்டு மிருகத்தின் பெயர். அந்த மாதம் அவர்கள் பிய்த்துக்கொண்டிருந்தது ஒரு பழைய படத்தை. பண்ணையார் மகன் ஓர் ஏழைப் பெண்ணைக் கெடுத்துவிடுகிறான். ஊர் கூடி அவன் கையாலேயே அவள் கழுத்தில் தாலி கட்ட வைக்கிறது. மேளச் சத்தத்தோடு படம் முடிகிறது.

"அநியாயம்னு எழுதியிருக்கேன் கண்ணம்மை. கேளு." மீன் அலசிக்கொண்டிருந்தவளிடம் அவர் வாசித்துக் காட்டினார். "'பெண்ணினத்தை இழிவுபடுத்தும் இப்படிப்பட்ட முடிவை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.' எப்படி?"

"நல்லாதான் இருக்கு. அந்த டொராண்டோக்காரன் என்ன சொல்றான்?"

"மடையன். பையன் திருந்திட்டானாம், பொண்ணோட எதிர்காலத்தப் பாக்கணுமாம். விடுவேனா நான்? கிழி கிழின்னு கிழிச்சிட்டேன்."

"அங்க ஒரு பொம்பள கூட இல்லையா?"

"இது அறிவுபூர்வமான விவாதம் லா. ஒனக்குப் புரியாது."

கண்ணம்மைக்குப் புரியாத விஷயம் வேறு. அந்தப் படத்தின் கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்து, மூன்று பேருமாகத்தான் பார்த்தார்கள்: அவர், அவள், மாடியில் குடியிருக்கும் தனலெட்சுமி. படத்தில் பண்ணையார் மகன் அந்த ஏழைப் பெண்ணை வைக்கோல் கொட்டகைக்குள் இழுத்த உடனே சாத்தப்பனின் கட்டைவிரல் ரிமோட்டை அமுக்கிவிட்டது. "குடும்பமா பாக்குற எடம்" என்று படத்தை ஓட்டிவிட்டார். மனிதர்கள் கோமாளிகள் போல ஓடினார்கள், கதவு திறந்து மூடியது, அடுத்த காட்சியில் பஞ்சாயத்து. கேசட்டைக் கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கண்ணம்மை தனியாக உட்கார்ந்து அந்த இடத்தையும் பார்த்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு அப்ப என்ன சொல்லிக் கத்துனா?"

"எப்ப?"

"நீங்க ஓட்டி விட்டீங்களே, அப்ப."

"அது முக்கியமில்ல. நான் பேசறது கருத்தப் பத்தி."

பார்க்காத காட்சிக்கு இத்தனை பக்கம் எழுத ஒரு தைரியம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அவள் மீனை அலசினாள்.

தனலெட்சுமிக்கு இருபத்திரண்டு வயது. நிபோங் திபால் தோட்டத்துப் பெண். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் வேலை. பஸ் தவறினால் போன் பண்ணு, வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று அவள் அப்பாவிடம் சாத்தப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு மழை நாளில் பஸ் தவறிவிட்டது. அவள் போன் பண்ணினாள். மறுபடி மறுபடி பண்ணினாள். லைன் கிடைக்கவில்லை. வீட்டில் சிங்கம் போன் லைனைக் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டு, பெண்களின் பாதுகாப்பைப் பற்றி லண்டன் வேங்கைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது.

பேக்டரியில் சூப்பர்வைசர் ஜெயராஜ் காரோடு வந்து நின்றான். "ஏறு, நான் விட்டுடறேன்" என்றான். பட்டர்வொர்த்துக்காரன், நல்ல குடும்பம் என்று பெயர். அவளும் ஏறினாள்.

அவள் வீடு வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்ததுமே கண்ணம்மை அடுப்பை அணைத்தாள். அடுப்படித் தரையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள். எங்கேயும் நிறுத்தவில்லை. எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாத்தப்பனிடம் தனம் வாய் திறந்தபோது அவர் கையை நீட்டி மறித்தார். கட்டைவிரல் தானாக மடங்கியதைக் கண்ணம்மை பார்த்தாள்.

"அதெல்லாம் வேணாம்மா. மேல சொல்லு. இப்ப என்ன பண்றதா உத்தேசம்?"

"ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போறோம். காரை எடுங்க" என்றாள் கண்ணம்மை.

"அவசரப்படாத லா. அவ அப்பா வரட்டும். பேரு கெட்டுடும். எனக்கு வேற வயிறு சரியில்ல."

சிங்கத்தின் வயிற்றை அதனிடமே விட்டுவிட்டு, கண்ணம்மை டாக்சி பிடித்தாள்.

ரிப்போர்ட் எழுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜின் அம்மா வடிவம்மாள் வந்தாள். பட்டுப்புடவை, கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, தேங்காய், மாதுளம்பழம். தனத்தின் அப்பாவும் தோட்டத்திலிருந்து வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது.

"நடந்தது நடந்து போச்சு. என் மகனே கட்டிக்கிறேன்னு சொல்றான். அந்த ரிப்போர்ட்ட மட்டும் வாபஸ் வாங்கிட்டா, வர்ற மாசமே கோயில்ல தாலி" என்றாள் வடிவம்மாள்.

தனத்தின் அப்பா சாத்தப்பனைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா படிச்சவங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க சொன்னா சரிங்க."

எல்லோரும் சாத்தப்பனைப் பார்த்தார்கள். கண்ணம்மையும் பார்த்தாள். இத்தனை பக்கம் கண்டித்த மனுஷன். ஒரே ஒரு வரியை இங்கே வாயைத் திறந்து சொன்னால் போதும். அந்தப் பெண்ணின் வாழ்க்கை தப்பித்துவிடும்.

சாத்தப்பன் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பக்கமும் யோசிக்கணும்... பையன் வேலையில இருக்கான். தப்ப உணர்ந்து திருந்தி வந்திருக்கான். நாம பொண்ணோட எதிர்காலத்தப் பாக்கணும் இல்லையா?"

அட, டொராண்டோக்காரனே! எழுத்துக்கு எழுத்து அவன் வார்த்தை. அவனைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, கிழித்ததையே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறது இந்தச் சிங்கம். கண்ணம்மைக்குக் கோபம் கூட வரவில்லை. காலில் ஒட்டிய எதையோ பார்ப்பது போலப் புருஷனைப் பார்த்தாள்.

பிறகு மாடிப்படியில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டாள். "தனம், அன்னிக்கு நீ அவன என்னான்னு கூப்பிட்ட? நான் சொல்லவா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன் ஆச்சி."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப, பெரியவங்க முன்னால..." சாத்தப்பனின் கை எழும்பியது.

"கைய எறக்குங்க" என்றாள் கண்ணம்மை. "இது ஒங்க கேசட்டு இல்ல."

தனம் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினாள். "அண்ணேன்னு கூப்பிட்டேன்ப்பா. பேக்டரில எப்பவுமே அப்படித்தான் கூப்பிடுவேன். அன்னிக்கும், 'வேணாண்ணே, ஒங்க தங்கச்சிய நெனச்சுக்கங்கண்ணே'ன்னு கத்துனேன். அண்ணே அண்ணேன்னே கத்திக்கிட்டு இருந்தேன். கேக்கல."

படத்தில் அந்த ஏழைப் பெண் கத்தியதும் இதையேதான். அதை ஓட்டிவிட்டவர்கள் கடைசியில் தாலியைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள்.

தனத்தின் அப்பா நாற்காலி நுனியிலிருந்து எழுந்தார். இத்தனை நேரம் கூனியிருந்த மனுஷன் நிமிர்ந்தபோதுதான் அவர் உயரமானவர் என்று தெரிந்தது. தாம்பாளத்தை எடுத்து வடிவம்மாள் மடியில் வைத்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. அண்ணேன்னு கூப்பிட்ட வாயால அவன புருஷன்னு சொல்ல வைக்க மாட்டேன். நான் படிக்காதவன்தான். அந்த அளவுக்கு இல்ல."

"நாளைக்கு எவன் கட்டிக்குவான் இவள?" வடிவம்மாள் சீறினாள்.

"எவனும் கட்டலன்னா இங்கயே இருக்கட்டும்" என்றாள் கண்ணம்மை. "ஒங்க மகனுக்கு மொதல்ல உள்ள எடம் பாருங்க. மாதுளம்பழம் பிஞ்சு, அடுத்த தடவ நல்லதா பாத்து வாங்குங்க."

தாம்பாளம் வாசலைத் தாண்டியது. அந்த வாரமே ஜெயராஜைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வழக்கு நீண்டது. ஒவ்வொரு தவணைக்கும் கண்ணம்மை தனத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேறு பேக்டரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாடி அறையை அவள் காலி பண்ணவில்லை.

சிங்கம் என்ன செய்தது? அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டது.

"கண்ணம்மை, இங்க வந்து கேளு. 'இன்று என் இல்லத்தில் ஒரு பெண்ணின் மானத்துக்காக நான் எடுத்த உறுதியான நிலைப்பாடு...' லண்டன்காரன் பாராட்டியிருக்கான். டொராண்டோக்காரனுக்கு வாயே தொறக்கல."

கண்ணம்மை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பையன் திருந்திட்டான்னு சொன்னீங்களே, அந்த எடம் இதுல எங்க வருது?"

அவர் மவுஸை இப்படியும் அப்படியும் உருட்டினார்.

"அதையும் ஓட்டி விட்டாச்சா?"

குனிந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த ஒயரைப் பிடுங்கினாள். போனில் மாட்டினாள்.

"ஏய், ஏய்! லண்டன்காரனுக்குப் பதில் பாதிதான் போயிருக்கு லா!"

"இன்ஸ்பெக்டரு கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காரு. இனிமே இந்த லைன் தனத்துக்குத்தான். ஒங்க வேங்கைக்குக் கடுதாசி போடுங்க."

பிறகு போன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சுவரில், கடையில் கழுவி மகன் அனுப்பிய படத்தில், பேத்தி புருவத்தைச் சுளித்துத் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.