பெய்ஜிங் சதுக்கத்தில் இருபது அடி

காலை பத்து நாற்பது. பெய்ஜிங்கின் பெரிய சதுக்கத்தில், ஹனோவரிலிருந்து வந்த எங்கள் சுற்றுலாக் குழுவில் என் பதினொரு வயது மகளைக் காணவில்லை. குழுவுக்குத் தந்த மஞ்சள் தொப்பிகளின் கீழெல்லாம் தேடுகிறேன்.

“அந்தச் சிப்பாயிடம் போய்க் கேளுங்கள். குழுவின் கொடியோடு நான் இங்கேயே நிற்க வேண்டும்,” என்று வழிகாட்டிப் பெண் ஜெர்மனில் சொல்கிறாள்.

அவர் நிற்பது இருபது அடி தூரத்தில்தான். யாழ்ப்பாணத்தில் சீருடையைக் கண்டாலே வேறு ஒழுங்கையால் திரும்பிய கால்கள் நகர மறுக்கின்றன. மற்றவர்கள் படமெடுக்கிறார்கள். நான் அந்தச் சிப்பாயைப் பார்த்தபடி தனியே நிற்கிறேன்.

கால்மணி நேரம் கழித்து, இன்னொரு சிப்பாய் மகளைக் கைபிடித்துக் கூட்டி வருகிறார்.

“எங்கையடி போனனீ?”

“வழி மாறிப் போட்டன் அம்மா. உடனை இவரிட்டைப் போய்த் தொப்பியைக் காட்டினனான். நீங்கள் ஏன் அங்கை நிக்கிற ஆமிக்காரரிட்டைக் கேக்கேல்லை?”